'கீப்' என்ற சொல்லுக்கு என் கணவர் எழுதிய உதாரணங்கள்

அக்டோபர் 9, செவ்வாய்

காண்டாவில் இருக்கும் பதிப்பக அலுவலகத்திலிருந்து பொட்டலம் வந்தது. ஆங்கில அகராதியின் நான்காம் பதிப்பு, 'கே' எழுத்து, முதல் அச்சுப்படி. கயிற்று முடிச்சு வழக்கமான பக்கத்தில் இல்லை. பொட்டலம் கட்டும் பையன் நுகுயி லீவு போலிருக்கிறது, வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் எதற்குக் கவனிக்கிறாய் என்பார் என் கணவர் குனிஹிகோ. கவனிப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

இருபது வருஷமாக ஒரே பிழைப்பு. என் கணவர் சொல்லுக்குப் பொருளும் உதாரண வாக்கியமும் எழுதுகிறார். நான் அச்சுப்படியில் பிழை பார்க்கிறேன். மாடியில் அவர், கீழே நான். ஆனாலும் தாள் காண்டாவுக்குப் போய்த்தான் திரும்பி வரவேண்டும். புருஷன் பெண்டாட்டி நேரே கைமாற்றிக்கொண்டால் பிழை தப்பிவிடும் என்று ஒரு விதி. யார் போட்டதோ, குடும்பம் நடத்தியவர் போட்டது.

இன்னொரு விதியும் உண்டு. காதால் கேட்காத வாக்கியத்தை உதாரணமாக எழுதக் கூடாது. மற்றவர்கள் அதை மதிப்பதில்லை. குனிஹிகோவுக்கு விதி என்றால் விதி. கல்லூரியில் பாடம் நடத்திய காலத்திலும் அப்படித்தான். அவருக்குக் காது கொடுக்க எங்கள் வீட்டை விட்டால் வேறு இடமில்லை. போன பதிப்பில் குறட்டைக்கு ஒரு உதாரணம்: 'தான் குறட்டை விடுவதில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.' நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

இன்றைக்கு 'கீப்'. சின்னச் சொல், இரண்டரைப் பக்கம். வைத்துக்கொள்வது, வளர்ப்பது, காப்பது, விடாமல் செய்வது, கெடாமல் இருப்பது, மறைப்பது — எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. பிள்ளைகள் முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டு தேர்வில் கோட்டை விடுவார்கள். அதனால் உதாரணம் நிறைய வேண்டும்.

நிறையத்தான் எழுதியிருக்கிறார். அதில் மூன்று எனக்குப் புரியவில்லை.

'காலணியைக் கழற்றாமலே உள்ளே வா.'
'அவள் எதையும் விடமாட்டாள், எல்லாவற்றையும் வைத்துக்கொள்வாள்.'
'இதை என் மனைவியிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன்.'

எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பேசியதில்லை. அப்படியானால் எந்த வீட்டில் கேட்டார்?

ஆண் ஒரு பெண்ணை 'வைத்திருப்பது' என்றும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. போன பதிப்பில் அதன் பக்கத்தில் 'பழைய வழக்கு' என்று குறி இருந்தது. இந்தப் படியில் குறியைக் காணோம். அச்சில் விட்டுப்போயிற்றா, அவரே எடுத்தாரா?

அக்டோபர் 10, புதன்

புதன் என்றால் அவர் நூலகத்துக்குப் போகும் நாள். வசந்த காலத்திலிருந்து அப்படி. இன்றைக்கு வந்தவர் செருப்பு மாற்றும்போது பக்கத்தில் நின்றேன். தலை ஈரம். மழை இல்லை. எங்கள் வீட்டுச் சோப்பு வாசனையும் இல்லை.

"நூலகம் எப்படி?"

"கூட்டம்."

நூலகத்தில் குளிக்க வைக்கிறார்களா?

அக்டோபர் 12, வெள்ளி

பிழை பார்ப்பவள் எதையும் திருத்தக் கூடாது. சந்தேகத்தை ஓரத்தில் பென்சிலால் எழுதலாம், அவ்வளவே. எழுதியவர் சிவப்பு மையில் பதில் சொல்வார். அதனால் முறைப்படி எழுதினேன்.

காலணி வாக்கியத்துக்கு: 'யார் வீடு? ஏன் கழற்றக் கூடாது? மாணவர் குழம்புவார்.'
எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் அவளுக்கு: 'யார்?'
மனைவி வாக்கியத்துக்கு: 'எதை?'

தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது அவர் கீழே இறங்கி வந்து டீ போட்டுக் கொடுத்தார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். திடீரென்று எதற்கு இஞ்சி?

இன்னொன்று. நாட்குறிப்பு எழுதுவதற்கும் இதே சொல்தான். அதற்கு அவர் உதாரணம்: 'என் மனைவி நாட்குறிப்பு எழுதுகிறாள். நான் அதைப் படித்ததில்லை.' படிக்காதவர் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? இந்தப் பக்கத்தில் ஒரு நூலிழை வைத்து மூடுகிறேன்.

அக்டோபர் 15, திங்கள்

நூலிழை வைத்த இடத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அக்டோபர் 16, செவ்வாய்

நுகுயி போன் செய்தான். அலுவலகத்தில் எல்லாருக்கும் இளையவன். குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து மரியாதையாகத்தான் என்னைக் கூப்பிடுவான்.

"உசாவா சான், உங்க பென்சில் குறிப்பெல்லாம் பார்த்தேன். இதை அப்படியே சாருக்கு அனுப்பட்டுமா?"

"பின்னே? அதுதானே உன் வேலை."

"இல்ல... 'எதை?'ன்னு ஒத்த வார்த்தையில கேட்டிருக்கீங்க. படிக்கும்போது எனக்கே வேர்க்குது. ஒரே வீட்டுல இருக்கற சண்டையை நான் ஸ்டாம்ப் ஒட்டிச் சுமக்கறேன் போல இருக்கு."

"சண்டை இல்ல. சந்தேகம்."

பிறகு பேச்சை மாற்றுவதற்காக ஒரு விஷயம் சொன்னான். மதுக்கடையில் நம்மவர்கள் பெயர் எழுதிப் புட்டியை விட்டுவைப்பதை 'பாட்டில் கீப்' என்கிறோமே, அது ஆங்கிலமே இல்லை, வெளிநாட்டுக்காரனிடம் சொன்னால் விழிப்பான் என்று ஒரு எச்சரிக்கைக் குறிப்பு சேர்க்கச் சொல்லி இவர் எழுதியிருக்கிறாராம். இப்போதைய பெண்கள் ஒருவனை மாற்றாளாகக் கைவசம் வைத்திருப்பதையும் 'கீப்' என்கிறார்கள், அதையும் சேர்க்கலாமா என்று நுகுயி கேட்டான். "நான்கூட ஒருத்திக்கு ரெண்டு வருஷம் அப்படி இருந்தேன், உசாவா சான். அனுபவத்துல சொல்றேன்."

பாவம், நல்ல பையன். ஆனால் குனிஹிகோ குடிப்பதே இல்லை. மதுக்கடைப் புட்டி அவருக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 17, புதன்

காலையில் சாம்பல் காலுறை. மாலையில் கறுப்பு. அதுவும் புதுசு.

அக்டோபர் 19, வெள்ளி

சிவப்பு மையில் பதில்கள் வந்தன.

காலணிக்கு: 'இயல்பான வாக்கியம். இருக்கட்டும்.'
அவளுக்கு: 'பிரதிப்பெயர். யாராகவும் இருக்கலாம்.'
'எதை?' என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. பென்சிலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, அதற்குள் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

இருபது வருஷத்தில் அவர் பதில் சொல்லாமல் விட்ட முதல் கேள்வி இது. இரவுச் சாப்பாட்டின்போது எதிரெதிரே உட்கார்ந்து கானாங்கெளுத்தி சாப்பிட்டோம். முள் நிறைய என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 22, திங்கள்

காலணியைக் கழற்றாத வீடு யாருக்கு இருக்கும்? வெள்ளைக்காரர்களுக்கு. எங்களுக்குத் தெரிந்த வெள்ளைக்காரி ஒருத்திதான். உதாரணங்கள் ஆங்கிலேயர் காதுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தரும் திருமதி ஹாலம். யோகோஹாமாவில் தனியாக இருக்கிறாள். என்னைவிட மூத்தவள், ஆனால் கணுக்கால் அழகு. இதை இதற்கு முன் நான் கவனித்தது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். உண்டு.

ஒரு சந்தேகம் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டு இனிப்புப் பெட்டியோடு போனேன். கதவைத் திறந்ததும் முதல் வார்த்தையே, "ஷூவைக் கழட்டு ஹிசயே, அந்தச் செருப்பை மாட்டிக்கோ. கழிப்பறைக்கு வேற செருப்பு, மாத்திடாதே." எங்கள் வீட்டைவிடக் கெடுபிடி.

"இங்க யாரையாவது ஷூவோட விடுவீங்களா?"

"என் வீட்டுலயா? துடைப்பத்தால அடிப்பேன். எதுக்கு?"

'கீப்' பக்கத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "இதுல ஒரு தப்பும் இல்லையே. ரொம்ப நல்லாவே எழுதியிருக்கார். இந்த 'எதையும் விடமாட்டாள்' — யார் இந்தப் பொம்பளைன்னு நானும் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"சின்ன வயசுலேருந்து எனக்கு அவகிட்ட பயம்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். ஆனா சிரிப்பு நல்லா இல்ல."

ரயிலில் திரும்பும்போது அதையே அரைத்துக்கொண்டு வந்தேன். சின்ன வயது என்றால் கல்யாணத்துக்கு முன்னால். அப்போதே ஒருத்தி இருந்தாளா? என்னிடம் சொல்லவில்லையே. ஹாலம் மேல் பட்ட பழிக்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். கணுக்கால் மட்டும் உண்மை.

அக்டோபர் 24, புதன்

இன்று அவர் முழங்கையில் நீளமான கீறல். புத்தக அலமாரி என்றார். நகம் போலிருக்கிறது.

அக்டோபர் 30, செவ்வாய்

இரண்டாம் படி. புதிதாக இரண்டு உதாரணம் சேர்த்திருக்கிறார்.

'கதவைச் சாத்தியே வை, அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள்.'
'உன் கையை என் பொருள்மேல் வைக்காதே.'

கடைசி வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் 'கையை எட்டவே வைத்துக்கொள்' என்று வரும். அதுவும் இந்தச் சொல்தான், எல்லாம் இந்தச் சொல்தான். சாத்திய கதவு, கீறல், வேறு சோப்பு. இனி என்ன வேணும் எனக்கு? முப்பத்து மூணு வருஷம் இந்த ஆளுக்குச் சட்டை மடிச்சு வெச்சேன். எவளோ ஒருத்தி வீட்டுல கேட்டதை எழுதி, என்கிட்டயே பிழை பாக்க அனுப்பறார். பிழை பாக்கணுமாம்! பாக்கறேன். நாளைக்குப் பாக்கறேன்.

அக்டோபர் 31, புதன்

பார்த்துவிட்டேன்.

நூலகம் கிழக்கே. அவர் எங்கள் ஷாகுஜி நிலையத்தில் மேற்கே போகும் வண்டியில் ஏறினார். அடுத்த பெட்டியில் நான், முகக்கவசமும் தொப்பியுமாக. ஒவ்வொரு நிலையமும் தாண்டத் தாண்ட இங்கே இறங்குவார், இங்கே இறங்குவார் என்று பார்த்தேன். கடைசியில் ஹன்னோ. எனக்கு ஹன்னோவில் ஒரே ஒருத்தியைத்தான் தெரியும், அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் மிச்சியோவை. எங்களுக்கும் அவளுக்கும் போக்குவரத்து நின்று பல வருஷம். புத்தாண்டுக்குப் போன் செய்தால் "நல்லா இருக்கேன், வரவேண்டாம்" என்று வைத்துவிடுவாள். எழுபத்து நாலு வயது, தனிக்கட்டை.

நிலையத்துக்கு வெளியே கடையில் பெரிய குப்பைப் பைகளும் கையுறையும் வாங்கினார். பின்னாலேயே போனேன். தெரு திரும்பியதும் வாடை வந்தது, நனைந்த செய்தித்தாளும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி.

அது அண்ணியின் வீடு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் சலவை இயந்திரங்கள், மின்விசிறிகள், குடைகள், கட்டிக் கட்டிய மூட்டைகள். ஜன்னல் உயரத்துக்கு மூட்டை. கதவு ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத் திறந்தது. என் கணவர் காலணியோடு உள்ளே போனார். உள்ளேயிருந்து ஒரு குரல், "கையை எடுடா! என் சாமான் மேலேருந்து கையை எடு!"

எதிரே ஒரு பெண்மணி சாத்திய ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் நகராட்சி அறிவிப்பு ஒட்டியிருந்தது. வருஷ முடிவுக்குள் சுத்தம் செய்யாவிட்டால் அவர்களே லாரியோடு வந்து அள்ளிவிடுவார்கள்.

கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் நிலையத்துக்குப் பக்கத்தில், காசு கொடுத்துக் குளிக்கும் பொதுக் குளியலறையைப் பார்த்தேன். சோப்பு விற்கிறார்கள்.

நவம்பர் 1, வியாழன்

ஒன்றை எழுதிவிட வேண்டும், வேறு எங்கும் சொல்ல முடியாது. நேற்று அந்த வீட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு வேறு ஒருத்தி இல்லை என்பதற்காக மட்டும் இல்லை.

மிச்சியோ அண்ணி பெண்கள் பள்ளியில் வீட்டு நிர்வாகம் கற்றுக்கொடுத்தவள். துவைப்பது, துடைப்பது, அடுக்குவது. கல்யாணமான புதிதில் மாதம் ஒரு தடவை வந்து எங்கள் அலமாரிகளைத் திறந்து பார்ப்பாள். கதவின் மேல் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து எனக்குக் காட்டுவாள். ஒருதடவை விருந்தாளிகள் முன்னால், "இந்த வீட்ல பொம்பளைன்னு ஒருத்தி இருக்காளான்னு சந்தேகமா இருக்கு" என்றாள். அன்றைக்கு நான் சிரித்தேன். இன்றுவரை அது தொண்டையில் நிற்கிறது.

அதனால் சந்தோஷப்பட்டேன். ராத்திரி முழுக்க அந்தக் குரல் காதில் இருந்தது. பிறகு சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போயிற்று.

நவம்பர் 4, ஞாயிறு

கேட்டேன். பென்சிலால் இல்லை, வாயால்.

"ஹன்னோவுக்கு எத்தனை நாளா போறீங்க?"

மிசோ சூப் கிண்ணத்தை மெதுவாக வைத்தார். "தெரிஞ்சுபோச்சா."

"நாடு முழுக்கப் பிள்ளைங்களுக்கு எழுதி வெச்சிருக்கீங்க, எனக்குத் தெரியக் கூடாதா?"

"அக்கா சத்தியம் வாங்கிட்டா. உலகத்துல யாருக்கு வேணா தெரியட்டும், ஹிசயேவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னா. அதான்... சொல்லல. ஆனா காதுல விழுந்ததை எழுதாம இருக்க முடியல. அங்க நான் வேற எதைக் கேக்கறேன்?"

"மதுக்கடைப் புட்டி?"

"அக்கா வீட்டுல இருக்கு. மூடின கடையிலேருந்து யார் யாரோ பேர் எழுதின புட்டியெல்லாம் எடுத்து வந்து வெச்சிருக்கா."

அழுவார் போலிருந்தது. அழவில்லை. நான் ஒரு மூட்டையை வெளியே வைத்தால் அவள் மழையில் இறங்கி இரண்டு மூட்டையை உள்ளே இழுத்துக்கொள்கிறாள், என்னைத் திருடன் என்கிறாள், போன புதன்கிழமை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டாள், இனி வராதே என்கிறாள் என்றார். லாரி வந்தால் அக்கா அந்தத் தெருவிலேயே செத்துவிடுவாள் என்றார். மிகைப்படுத்துகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"நான் போறேன்" என்று எதற்குச் சொன்னேனோ தெரியவில்லை.

"நீயா? அவ உன்னைக் கண்டா..."

"அவங்களுக்கு என்னைக் கண்டா ஆகாது. எனக்கும்தான். அதனால என்ன."

மறைத்ததற்கு இன்னும் மன்னிக்கவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 7, புதன்

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே ஒரு கண்.

"யாரு?"

"ஹிசயே, அண்ணி."

"சொல்லிட்டானா?"

"இல்ல. நானா கண்டுபிடிச்சேன். அவர் எழுதின உதாரணத்தை வெச்சு."

"அகராதியிலயா?" கண் மூடித் திறந்தது. "மடையன். அவனுக்கு எப்பவும் வாய் காக்கத் தெரியாது." பிறகு, "என்ன பார்க்க வந்தே? தூசியா?"

"தூசி எங்க அண்ணி தெரியுது? அது மேல சாமான் இருக்கே."

உள்ளேயிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு. "காலணியைக் கழட்டாதே, கண்ணாடி கிடக்கு" என்றாள். கதவு இன்னொரு சாண் திறந்தது.

உள்ளே ஆள் நடக்க ஒரு ஓடை மாதிரி வழி, இரண்டு பக்கமும் சுவர்போல் சாமான். அண்ணி இளைத்துப் பாதியாகியிருந்தாள். ஆனால் ஏப்ரன் கட்டியிருந்தாள், நாடாவைச் சரியாக முடிந்திருந்தாள். பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையாவது பையில் போட்டுக்கொள்வேன் என்று சந்தேகம். எனக்குச் சந்தேகம் புரியும். எதையும் எடுக்கவில்லை. முதலில் கையில் பட்ட குடையைக் காட்டினேன்.

"இது யாருது?"

"என்னுது."

"ஆம்பளைக் குடையாச்சே."

"...பஸ்ல யாரோ விட்டுட்டுப் போனது."

"எந்த பஸ்?"

"நாகுரி போற பஸ். எதுக்கு?"

"தெரிஞ்சுக்கணும். ஆளைப் பார்த்தீங்களா?"

பார்த்திருக்கிறாள். மீன்கூடை வைத்திருந்த கிழவர், இறங்கும்போது வானம் வெளுத்திருந்தது, மறந்துவிட்டார். திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்து வந்தாள். அடுத்த வாரம் அதே பஸ்ஸில் போனாள், அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் போனாள்.

"எந்த வருஷம்?"

சொன்னாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன், அவளும் போட்டாள்.

"இப்ப இருக்க மாட்டார் இல்ல?"

"இருக்க மாட்டார்" என்றாள். குடையை என் கையிலிருந்து வாங்கி, விரித்துப் பார்த்து, மடித்து, நாடாவைக் கட்டி, தானே பைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் வரைக்கும் ஒரே ஒரு பைதான். கிளம்பும்போது கேட்டாள், "அடுத்த புதன் வருவியா?"

"அவர் வரட்டுமா?"

"அவன் வேணாம். 'வேணுமா, வேணாமா'ன்னு ரெண்டே கேள்விதான் அவனுக்கு. வேணுமான்னு கேட்டா வேணும்னுதான் வரும். நீ பொல்லாதவ. குடைஞ்சு குடைஞ்சு கேக்கறே."

முப்பத்து மூன்று வருஷத்தில் அண்ணி என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. பாராட்டுதானா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

நவம்பர் 14, புதன்

ஒன்பது பை. சமையலறைத் தரை தெரிகிறது. பச்சை நிறம்.

நவம்பர் 16, வெள்ளி

நுகுயி வந்து கடைசிப் படியை வாங்கிப் போனான். 'பழைய வழக்கு' குறி அச்சில் விட்டுப்போனதுதான், சேர்த்துவிட்டேன் என்றான். இந்தத் தடவை பென்சில் குறிப்பு கம்மியாக இருக்கிறதே, உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

நவம்பர் 28, புதன்

இப்போது வாரம் மூன்று நாள் போகிறேன். எதிர்வீட்டு ஜன்னல் பெண்மணி இன்றைக்கு வெளியே வந்து, காகங்கள் கிளறாமலிருக்கக் குப்பைமேல் போடும் வலையைத் தானே விரித்துப் பிடித்தாள். எதற்கு இவ்வளவு நல்லவளாகிறாள் என்று அண்ணி என் காதில் கேட்டாள். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நகராட்சி ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் லாரி வேண்டாம் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன்.

டிசம்பர் 5, புதன்

உள்ளறை. போர்வைப் பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றிய ஒரு பெட்டி. சவரக் கருவி, தூரிகை, சின்னக் கிண்ணம். மேல் காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

"இது யாருது, அண்ணி?"

அண்ணி ஏப்ரன் நுனியால் பெட்டியைத் துடைத்தாள்.

"மாமனாருதா?"

"அப்பா அதுக்கு முன்னாடியே போயிட்டார்."

"அப்ப?"

"நீ விடமாட்டே இல்ல" என்றாள். பிறகு சொன்னாள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவளும் குனிஹிகோவும்தான். அவளுக்கு இருபத்திரண்டு, அவருக்குப் பதினொன்று. சாயாமாவில் மின்சார வேலை பார்த்த ஒருவர், நாகாவோ என்று பெயர். இங்கேயே வந்து தங்க, தம்பியையும் வளர்க்கச் சம்மதித்தார். நாள் குறித்தாயிற்று. அவருக்காக இதை வாங்கி வைத்தாள். தம்பி சாப்பிடுவதை நிறுத்தினான். அந்த ஆள் வந்தால் நான் ஆற்றில் விழுவேன் என்றான். நாலாம் நாள் மயங்கி விழுந்தான்.

"நான் நாகாவோகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். மறுநாள் குனி மூணு கிண்ணம் சோறு சாப்பிட்டான்."

"அவருக்கு இது..."

"ஞாபகம் இல்ல. ஒரு தடவை பேச்சு விட்டுப் பார்த்தேன். சுத்தமா இல்ல. நல்லதாப் போச்சு." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவன்கிட்ட சொல்லாதே. மிச்சக் காலம் பூரா என் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருப்பான். என்னால தாங்க முடியாது."

சொல்ல மாட்டேன் என்றேன். இந்த ஊர்க் குப்பையில் போட வேண்டாம், கிளறிப் பார்க்கிறார்கள், நீ எடுத்துப் போ என்றாள். எடுத்து வந்தேன். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்த பள்ளிக்கூடப் பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 6, வியாழன்

காலையில் குனிஹிகோ பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் பையிலிருந்து எடுத்திருக்கிறார்.

"இது யாருது?"

நான் அண்ணியிடம் கேட்ட அதே கேள்வி. ஒரு மூச்சு நேரம்கூட இல்லை எனக்கு.

"உங்க அப்பாவோடது."

"அப்பாவோடதா? பிரிக்கவே இல்லையே."

"வாங்கி வெச்சிருப்பார். அதுக்குள்ள போயிட்டார்."

என்னைப் பார்த்தார். நான் அச்சுப்படியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பிறகு மாடிக்குக் கொண்டுபோனார்.

டிசம்பர் 9, ஞாயிறு

என் பை நேற்று வைத்த பக்கத்தில் இல்லை. அங்கே அக்கா என்னதான் பேசுவா, உங்க ரெண்டு பேருக்கும் என்ன ரகசியம் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். குடை, டப்பா, பழைய துணி என்றேன். நம்பவில்லை. நம்பக் கூடாதுதான். நம்பாத மனுஷனோடு ஒரே மேஜையில் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொள்கிறேன்.

மின்சாரச் சவரக் கருவியை டிராயரில் போட்டுவிட்டார். புது பிளேடு வாங்கி வந்து அந்தப் பெட்டியைப் பிரித்துவிட்டார். காலையில் குளியலறையிலிருந்து தூரிகையைக் கிண்ணத்தில் சுழற்றும் சத்தம் வந்தது. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் பொருளால் சவரம் செய்வதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 12, புதன்

அண்ணியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் சொன்ன பொய், அவர் அதை நம்பியும் நம்பாமலும் இருப்பது, தினமும் அதால்தான் சவரம் செய்துகொள்வது, எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று கதவுப் பக்கமாக நின்றுகொண்டேன்.

கையிலிருந்த மூட்டையை அண்ணி கீழே வைத்தாள். உள்ளறை காலியாக இருந்தது, வெயில் பாய்மேல் வந்து விழுந்திருந்தது.

"நல்லா சவரம் ஆகுதாமா?"

"ஆகுது. தாடையில மட்டும் ஒரு வெட்டு."

"அவசரக்காரன். கன்னத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மெதுவாப் போகச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். யார் சொன்னதாகச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. அவள் அடுத்த மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள்.